சிதைவு வேறு, அரிப்பு வேறு

வெதரிங், எரோஷன் இரண்டையும் ‘அரிப்பு’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் கூட்டாளிகள்தான், ஆனால் செய்கிற வேலை வேறு. பாறை இருந்த இடத்திலேயே உடைந்தோ உருமாறியோ போனால் அது வெதரிங். அந்த உடைசலை நீரோ காற்றோ பனியாறோ அலையோ பெயர்த்து அள்ளிக்கொண்டு போனால் எரோஷன். பொருள் இடம் மாறியதா என்று பார்த்தால் பெரும்பாலும் குழப்பம் தீர்ந்துவிடும். (சுண்ணாம்புக்கல் மட்டும் கொஞ்சம் படுத்தும்: கரைகிற நொடியிலேயே நீரோடு கிளம்பிவிடுகிறது.)

எரோஷனின் வேர் லத்தீன் ‘ரோடெரே’, கொறித்தல் என்று பொருள். எலி, அணில் வகையறாவை ரோடென்ட் என்பதும் இதே வேரிலிருந்துதான். தமிழில் இதற்காக யாரும் மெனக்கெட்டுச் சொல் உருவாக்க வேண்டியிருக்கவில்லை. கறையான் மரத்தை அரிக்கிறது, துரு இரும்பை அரிக்கிறது, வெள்ளம் கரையை அரிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்ப்பது என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. ஆற்று மணலில் பொன் அரிப்பது என்கிறோமே, அங்கே லேசானது நீரோடு போக, கனமானது தங்குகிறது. ஆறு செய்வதும் அதைத்தான்: வேகம் குறையக் குறைய முதலில் கூழாங்கல், அப்புறம் மணல், கடைசியில் வண்டல் என்று தரம் பிரித்து இறக்கிவைக்கிறது. ‘அரிப்பு’க்கு மேல் நல்ல சொல் தேட வேண்டியதில்லை.

வெதரிங் அவ்வளவு சுலபமில்லை. ‘வெதர்’ என்றால் வானிலை. அதையே வினையாக்கி, வெயில் மழையில் அடிபட்டு நைந்துபோவதைக் குறித்தார்கள். தமிழில் வானிலைச் சிதைவு, பாறைச் சிதைவு, வானிலையாலழிதல் என்று பல வடிவங்கள் உண்டு. ‘வானிலை’ என்று ஆரம்பித்தால் வெயிலும் மழையும் மட்டுமே மனதில் வரும், ஆனால் விரிசலில் நுழையும் வேரும், வெயிலே படாத ஆழத்தில் ஊறும் நிலத்தடி நீரும்கூடப் பாறையைச் சிதைக்கின்றன. ‘அழிதல்’ அதைவிட மோசம், ஏனென்றால் இங்கே எதுவும் அழிவதில்லை, உருதான் மாறுகிறது. என் ஓட்டு பாறைச் சிதைவுக்கே.

கிரானைட்டைப் பாருங்கள். ஃபெல்ட்ஸ்பார், மைக்கா, குவார்ட்ஸ் என்ற கனிமங்கள் சேர்ந்த பாறை அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, மெல்லிய அமிலமாகி விரிசலில் இறங்குகிறது. ஃபெல்ட்ஸ்பார் பளபளப்பு இழந்து மங்கி வெளுத்து, கயோலின் என்ற களிமண்ணாகிறது. கறுப்பு மைக்காவிலுள்ள இரும்பு துருவேறி, சுற்றிலும் பழுப்புக் கறை படிகிறது. குவார்ட்ஸ் மட்டும் அசைவதில்லை. பக்கத்துப் பிடிமானம் போனதும் மணிமணியாக உதிர்ந்து மணலாகிறது. கையால் தேய்த்தாலே பொலபொலவென்று உதிரும் பாறை இந்தக் கட்டத்தில் இருப்பதுதான். மூலைகளில் மூன்று பக்கமும் தாக்குதல் நடப்பதால் கட்டமான பாளமும் நாளடைவில் உருண்டையாகிவிடும், மேல் ஓடு வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாகக் கழன்றுவரும். இதற்குப் பாறை உரிதல் என்று பெயர். குளிர்ப் பகுதிகளில் வேறு கதை: விரிசலில் நிற்கும் நீர் உறையும்போது பருமன் சுமார் 9% கூடுவதால், அந்த நெருக்கலிலேயே பாறை பிளந்துவிடும்.

சரி, இந்தத் தூள்தான் மண்ணா? இன்னும் இல்லை. இதற்கு ரெகோலித் என்று பெயர். கிரேக்கத்தில் ரெகோஸ் போர்வை, லித்தோஸ் கல். ‘பாறைப் போர்வை’ என்றே சொல்லலாம். அதில் இலைதழை மக்கி, புழுவும் நுண்ணுயிரும் குடியேறி, அடுக்குகள் பிரிந்த பிறகுதான் மண். காலநிலை, உயிரினங்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், தாய்ப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்துதான் மண்ணின் குணத்தைத் தீர்மானிக்கின்றன என்று மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி 1941இல் வகுத்தார். சிதைவு முந்தினால் மண் தடிக்கும், அரிப்பு முந்தினால் பாறை வெளியே துருத்தும். குன்றின் சரிவில் மண் மெலிந்தும் அடிவாரத்தில் ஆழமாகவும் இருப்பது இதனால்தான்.

இன்னொரு சொல்லையும் இதோடு கலக்கிறார்கள். மேல்மண்ணை மழை அடித்துப்போனால் மண்ணரிப்பு. மண் இருந்த இடத்திலேயே உப்பேறியோ சத்திழந்தோ கெட்டுப்போனால் அது மண்வளச் சீரழிவு. அங்கே அரிப்பு என்று எழுதாதீர்கள்.