அம்பார்ஃபே: நிறைவுறா இறந்தகாலம்

பிரெஞ்சு படிப்பவர்கள், முடிந்த செயலைச் சொல்லும் இறந்தகாலமான பாஸே கோம்போஸேயை ஒருவழியாகத் தாண்டியதும் எதிரே வந்து நிற்பது இன்னோர் இறந்தகாலமான அம்பார்ஃபே. பெயரைப் பார்த்து 'குறையுள்ள காலம்' என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. அன்றாடப் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அப்படியும் பொருள் இருக்கிறதுதான். ஆனால் இலக்கணக்காரர்கள் எடுத்துக்கொண்டது இலத்தீன் பொருளை. 'பெர்' முழுக்க, 'ஃபாக்கெரெ' செய்தல், முன்னால் ஒட்டிய 'இம்' மறுப்பு. ஆக, செய்து முடிக்காதது.

'இல் ஆ ப்ளூ' என்றால் மழை பெய்தது, கதை முடிந்தது. 'இல் ப்ளெவே' என்றால் பெய்துகொண்டிருந்தது. எப்போது விட்டது என்பதை அந்த வினை சொல்லாது. நெடுநாள் நடந்தாலே அம்பார்ஃபே என்று நினைத்துவிடக் கூடாது. 'லியோனில் 20 வருடம் குடியிருந்தேன்' என்று கணக்கை முடித்துச் சொன்னால் பாஸே கோம்போஸேதான்.

நமக்குச் சுவையான இடம் பழைய வழக்கத்தைச் சொல்வது. 'அந்தக் காலத்தில் தாத்தா தினமும் ஆற்றுக்குப் போவார்' என்கிறோம். வடிவம் எதிர்காலம், ஆனால் தாத்தா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருக்கும்! இந்தப் 'போவார்', 'போய்க்கொண்டிருந்தார்' இரண்டுக்கும் பிரெஞ்சில் ஒரே 'இல் அலே'. அதனால்தான் 'தொடர் இறந்தகாலம்' என்ற பெயர் பாதியைத்தான் பிடிக்கிறது. 'முற்றா இறந்தகாலம்' அழகாக இருந்தாலும், நம் இலக்கணத்தின் முற்று, எச்சத்தோடு குழம்பும். 'நிறைவுறா இறந்தகாலம்' என்பதே என் தேர்வு.

இன்னொரு பயன்பாடும் உண்டு. 'சி ஓன் அலே ஓ சினெமா?' என்றால் 'சினிமாவுக்குப் போனால் என்ன?' நம் 'போனால்' என்பதும் இறந்தகால அடியிலிருந்து வந்ததுதான், கவனித்தீர்களா?

சரி, உருவாக்குவது எப்படி? நிகழ்காலத்தில் 'நாங்கள்' வடிவத்தில், உதாரணமாக 'நூ அலோன்' (போகிறோம்) என்பதில், கடைசி 'ஓன்' விகுதியை வெட்டிவிட்டு, அம்பார்ஃபே விகுதியை ஒட்ட வேண்டும். தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியது 'எத்ர்' (இருத்தல்) வினையின் அடி ஒன்றுதான். ஆறு விகுதிகளில் நான்கு காதுக்கு ஒரே 'ஏ', எழுத்தில்தான் வேறுபாடு. அந்த 'ஏ' ஒலியை முன்பு 'oi' என்ற எழுத்துகளால் எழுதினார்கள். 'ai' போதும் என்று எழுத்தாளர் வோல்டேர் வாதாடினார். பிரெஞ்சு மொழியின் அதிகாரபூர்வ அமைப்பான பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியில் அதை ஏற்றது 1835இல். அதற்கு முந்தைய புத்தகத்தில் பழைய எழுத்தைக் கண்டால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.