வெதரிங்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

சயின்ஸ் பிக்ஷன் படத்துல வர்ற துப்பாக்கி, ஹெல்மெட், ஒளிவாள் இதோட நகல வாங்கியோ த்ரீடி பிரிண்ட் போட்டோ வச்சுக்கிட்டு, பளபளன்னு இருக்கற அத பல வருசம் அடிபட்ட சாமான் மாதிரி மாத்த பெயிண்ட சுரண்டி, துரு வச்சு, அழுக்கு பூசுறாங்கல்ல, அந்த வேலைக்குத்தான் வெதரிங்னு பேரு.

வெதர்ங்கறது பழைய ஆங்கிலத்துல வெடெர், காத்து, வானம், புயல் எல்லாத்துக்கும் அந்த ஒரே சொல்தான். அப்பறம் அதுவே வினைச்சொல்லாகி வெயில் மழைல கெடந்து மாறுறதயும் குறிச்சுது. பாறை சிதையறதுக்கும் இதே சொல்தான், நம்ம புவியியல் பாடத்துல வானிலைச் சிதைவுன்னு படிச்சிருப்போம். பாறைக்கு அது சரி, நம்ம வேலைக்கு ஒட்டவே ஒட்டாது. இங்க வானிலையும் கெடையாது சிதைவும் கெடையாது, பொருள் முழுசா இருக்கு, மேல் பூச்சுல மட்டும்தான் வயசு தெரியுது.

நம்ம ராமநாதபுரம் கடக்கரைக்காரங்க வாயில இதுக்குச் சொல் ஏற்கனவே இருக்குங்க. துரு ஏறுது, பழுப்பேறுது, களிம்பேறுது, உப்பேறுதுன்னு தெனமும் சொல்றோம். தானா நடந்தா ஏறுது, நாம செஞ்சா ஏத்துறோம். ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே வெதரிங்தான், தமிழ்ல ஏறுதல் ஏற்றுதல்னு வித்தியாசம் சொல்லுக்குள்ளயே இருக்கு. அதனால என் கணக்குல சரியான சொல் பழமையேற்றல். பழசாக்குறதுன்னா பொருள கெடுக்கற மாதிரி ஒரு தொனி வந்துருது, செயற்கை முதுமைன்னு சொன்னா ஆஸ்பத்திரி வாசன அடிக்குது.

எத ஏத்துறோம்ங்கறதுதான் இதுல பெரிய விசயம். 1977ல வந்த ஸ்டார் வார்ஸ்ல நாயகனோட ஒளிவாள் கைப்பிடி, கிராஃப்ளெக்ஸ்ங்கற பழைய கேமராவோட பிளாஷ் கைப்பிடிலேர்ந்து செஞ்சது, முலாம் போட்ட பித்தளை. அப்ப அதோட நகல்ல தேஞ்ச எடத்துல மஞ்சப் பித்தளைதான் தெரியணும், மூலைல பச்சைக் களிம்பு இருக்கலாம், செந்துரு வரவே கூடாது. அலுமினியம்னா வெள்ளையா மாவு மாதிரி பூக்கும். செந்துரு இரும்புக்கு மட்டும்தான். (செம்புல களிம்பு போல உயிர ஒட்டுன அழுக்குதான் மலம்னு சைவ சித்தாந்தத்துல சொல்லுவாங்க, அவ்வளவு பழைய சொல் இந்தக் களிம்பு.)

துரு எங்க வரணும்னு தெரிய மண்டபம் ஊர்ப் பக்கம் கரைல நிக்கிற விசைப்படக பாத்தாலே போதும், போல்ட் தலைலயும் வெல்டிங் ஓரத்துலயும் மொதல்ல கெளம்பி தண்ணி வடியற வழிலயே கீழ இறங்கி கோடு போட்டிருக்கும், கை படுற எடம் மட்டும் தேஞ்சு மினுங்கும், நகல்லயும் கைப்பிடி மினுங்கணும் இடுக்குல அழுக்கு நிக்கணும், எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி அப்புனா பாத்த ஒடனே பொய்னு தெரிஞ்சுரும். உப்பு கலந்த ஈரத்துல மின்சாரம் சுளுவா ஓடறதாலதான் இரும்பு இங்க இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்குது. 1914ல தொறந்த பழைய பாம்பன் பாலத்துல துரு முத்திப் போயி 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துனதும் இதனாலதான்.

அந்த உப்புதான் இந்த வேலைல கருவியும். நகலுக்கு பிரைமர்ங்கற அடிப்பூச்சு அடிச்சு மேல வெள்ளி கலர் பூசி நல்லா காய விட்டு, பெயிண்ட் உரிஞ்ச மாதிரி தெரிய வேண்டிய எடத்துல தண்ணி தொட்டு கல்லுப்ப தூவணும், வாலிநோக்கம் உப்பளத்து உப்புன்னாலும் சரி கடை உப்புன்னாலும் சரி, பொடி உப்பும் கல்லும் கலந்து தூவுனா இன்னும் நல்லது. அது காஞ்சதும் மேல் கலர ஸ்ப்ரே பண்ணி, அதுவும் காஞ்சப்பறம் பழைய பிரஷ்ஷால உப்ப தேச்சு எடுத்தா அந்தந்த எடத்துல வெள்ளி தெரியும், ஓரம் ஒழுங்கில்லாம நெசமா உரிஞ்ச மாதிரியே வரும். கடைசியா கருப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்க தண்ணியா கரைச்சு இடுக்குல விட்டு, மேலாப்புல துணியால தொடச்சு, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடிச்சா முடிஞ்சுது. வார்னிஷுக்கு முன்னாடி உப்ப நல்ல தண்ணில கழுவிருங்க, நகல்ல எங்கயாவது இரும்பு ஸ்க்ரூ இருந்து அதுல உப்பு தங்குச்சுன்னா, நம்ம ஊரு காத்துக்கு நீங்க ஏத்தாத துருவும் ஏறிரும்.