சொல் விளக்கம்: ஸ்டெபிலைசர் பார், லிங்க்

சேலத்துப் பட்டறைகளில் 'ஸ்வே பார்' என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். 'ஸ்டெபிலைசர் பார்' என்றால் புரியும். 'லிங்க் ராடு' என்றால் சட்டென்று புரியும், ஏனென்றால் அடிக்கடி மாற்ற வருவது தண்டு அல்ல, அதன் நுனியில் இருக்கும் அந்தச் சின்ன லிங்க்தான். அமெரிக்கர்கள் ஸ்வே பார் என்பதை ஆங்கிலேயர்கள் ஆன்டி ரோல் பார் என்பார்கள். ஸ்வே பார், ஸ்டெபிலைசர் பார், ஆன்டி ரோல் பார் மூன்றும் ஒரே பொருள்: வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு.

காரின் அடியில் இடமிருந்து வலமாகக் குறுக்கே கிடக்கும் வில் எஃகுத் தண்டு அது. இரண்டு முனையும் மடங்கி, மேலிருந்து பார்த்தால் அகலமான 'ப' போல இருக்கும். நடுப்பகுதியை இரண்டு ரப்பர் வளையங்கள், அதாவது புஷ்கள், வண்டியின் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும். முனைகள் இரண்டும் லிங்க் வழியாக இடது, வலது சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்போடு (சஸ்பென்ஷன்) கோத்திருக்கும். இரு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் தண்டு புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக்கொடுக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால்தான் அதற்கு வேலை.

அந்த வேலையைப் பார்க்க ஏற்காடு மலைப்பாதையை விட நல்ல இடம் கிடைக்காது. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் திரும்பும்போது வண்டியின் உடல் வெளிப்பக்கம் சாயும். வெளிச்சக்கரத்தின் ஸ்பிரிங் அமுங்கும், உள்சக்கரத்தின் ஸ்பிரிங் நீளும். அப்போது தண்டின் ஒரு நுனி மேலேயும் மறுநுனி கீழேயும் இழுபட்டு, தண்டு முறுகும். முறுகிய எஃகு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்தத் திமிறல்தான் சாய்வைக் குறைக்கிறது. தண்டின் கனம் கொஞ்சம் கூடினாலும் இந்தத் திமிறல் நிறையக் கூடும்: விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு ஏறுவதால், 20 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 22 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் அதிகம். அதற்காகத் தடித்த தண்டைத் தேடி மாட்டுவதும் சரியல்ல. காபித் தோட்டத்து மண்பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், விறைத்த தண்டு அடுத்த சக்கரத்தையும் சேர்த்து உலுக்கும்.

இப்போது பெயர்களுக்கு வருவோம். ஸ்வே என்பது 'வளை' என்று பொருள்படும் பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்தது என்பது பெரும்பாலான சொல்லாய்வாளர்களின் கருத்து. நம் ஒசிதல், ஒல்குதல் போன்ற சொற்களுக்குப் பக்கத்தில் வைக்கலாம். ரோல் லத்தீனில் 'சிறு சக்கரம்' என்ற சொல்லின் வழி வந்தது. ஸ்டெபிலைசருக்கு வேர் 'நில்' என்னும் லத்தீன் வினை. கப்பல்காரர்கள் கணக்குப்படி ஸ்வே என்றால் உடல் அப்படியே பக்கவாட்டில் நகர்வது, ரோல் என்றால் நீளவாட்டு அச்சைச் சுற்றிச் சாய்வது. காரில் நடப்பது இரண்டாவது. ஆக, ஸ்வே பார் என்பது கண்ணுக்குத் தெரிவதை வைத்து வாய்க்கு வந்தபடி வைத்த பெயர். இந்தப் பொருளுக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் கனடாவின் ஃபிரெடரிக்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன்; ஆண்டு 1919.

தமிழில் என்ன சொல்வது? ஸ்டெபிலைசருக்கு 'நிலைப்படுத்தி' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் அதுவே பெயர். 'உருள் தடுப்புத் தண்டு' என்று நேராக மாற்றினால் வண்டி கவிழாமல் காக்கும் பொருள் என்று ஆகிவிடும்; இது அப்படிப்பட்ட வாக்குறுதி எதையும் தருவதில்லை. 'ஆட்டத் தடுப்பு' நன்றாக ஒலிக்கிறது, ஆனால் பட்டறையில் ஆட்டம் என்றால் தேய்ந்த பாகத்தின் தளர்வு. 'முறுக்குத் தண்டு'தான் வேலையை அப்படியே சொல்கிறது. கை முறுக்கு சுற்றும் விரல்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் அந்தப் பெயர் டார்ஷன் பாருக்கு உரியது. பழைய அம்பாசிடரின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்காகவே இருந்தது அது.

என் தேர்வு 'சாய்வடக்கி'. இந்தத் தண்டு சாய்வை ஒழிப்பதில்லை, அடக்குகிறது. அடக்கி என்பதில் அந்த அளவு இருக்கிறது. லிங்குக்குத் 'தொடுப்பு' என்று எழுதிவிட்டு ஊரில் நடமாட முடியாது, சிரிப்பார்கள். 'இணைப்புத் தண்டு' எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடுக்குப் போய்விட்டது. 'சாய்வடக்கி இணைப்பு' என்றால் குழப்பம் இல்லை. லிங்கின் முனையில் இருக்கும் பால் ஜாயிண்டுக்குப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. தோள்மூட்டுக்குப் பள்ளிப் பாடநூல் சொல்லும் 'பந்துக் கிண்ண மூட்டு' அப்படியே பொருந்தும்.

தேய்வது இந்த மூட்டுதான். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். அப்புறம் 'டக் டக்' என்று சத்தம். வேகமாகப் போகும்போது கேட்காது; குண்டும் குழியுமான தெருவில் மெதுவாக உருட்டும்போது கேட்கும். சந்தேகம் இருந்தால் ஒரு வேகத்தடையை நேராக ஒருமுறை, கோணலாக ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். கோணலாக ஏறும்போது மட்டும் அடித்தால் முதல் சந்தேகம் லிங்க் மேலும் புஷ் மேலும் விழ வேண்டும். சஸ்பென்ஷனின் வேறு பாகங்களான லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவையும் இதே போலச் சத்தம் போடும் என்பதால், கழற்றும் முன் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடுவது நல்லது. "லிங்க்ல ஆட்டம் இருக்குங்கண்ணா" என்று மெக்கானிக் சொன்னால், அந்த ஆட்டத்தை உங்கள் கையிலும் காட்டச் சொல்லுங்கள்.

மாற்றும்போது பொறுமை தேவைப்படும் இடம் நட்டு. துருப்பிடித்த நட்டைத் திருகினால் மூட்டின் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். பல லிங்குகளில் அந்த போல்ட்டின் நுனியில் ஆலன் கீ நுழையும் குழி இருக்கும். அதில் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் நட்டைத் திருக வேண்டும். முன்னாலேயே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் தண்டு முறுகி நிற்கும், புது லிங்கின் போல்ட் துளைக்கு நேராக வராது. இரு பக்கமும் சம உயரத்தில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் கை விட வேண்டும். இடது, வலது இரண்டையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். ஒன்று தேய்ந்த தூரத்தை மற்றதும் ஓடியிருக்கும். நட்டை எவ்வளவு முறுக்கு விசையில் இறுக்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

புஷ் 'கிறீச்' என்றால் கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலை விட்டுவிடுவார்கள். இரண்டு நாள் அடங்கும், பிறகு ரப்பர் உப்பித் தளர்ந்துபோகும். ரப்பருக்கு ஆகாத எண்ணெய் அது. தேவைப்பட்டால் சிலிகான் கிரீஸ், இல்லையென்றால் புது புஷ்.

உதிரிபாகக் கடையில் மட்டும் சாய்வடக்கி என்று கேட்க வேண்டாம், இன்னும் அந்தக் காலம் வரவில்லை. ஸ்டெபிலைசர் லிங்க், முன்பக்கமா பின்பக்கமா, வண்டி மாடல், ஆண்டு, இவற்றைச் சொல்லி, கழற்றிய பழையதையும் கையோடு கொண்டுபோய் நீளத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.