மாரடைப்புக்குப் பின் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

ஒருவர் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் (அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை. நடக்கப் போகலாம் என்றால் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். பெரிய கண்டத்திலிருந்து தப்பியவர் அப்படித்தான் இருப்பார் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் மருத்துவரும் விட்டுவிடுகிறார். எனக்கு வருத்தம் அதில்தான்.

மாரடைப்பு கண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. 1993-இல் மான்ட்ரியலில் 222 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது.

மனச்சோர்வில் உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்கொள்வதுபோல் விறைத்து நிற்கிறது. கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடுகிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் திறன் இதயத்துடிப்புக்குக் குறைகிறது. இன்னொரு காரணம் எளிமையானது: மாத்திரை விடுபடுகிறது. புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைத் தவறவிட்டால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம்.

கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அசதி, தூக்கக் குறைவு, பசியின்மை எல்லாம் இதயநோயாலும் வரும்; அசதி, இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையாலும் வரும். அதனால் முதலில் உடலைப் பற்றிக் கேட்பதில்லை; இரண்டே கேள்விகள்தான். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? எவ்வளவு அடிக்கடி அப்படி இருந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்பது கேள்விகள் கொண்ட முழுப் பட்டியலுக்குப் போகிறார்கள். அதில் அதிகபட்ச மதிப்பெண் 27. மொத்தம் 10-ஐத் தொட்டால் மருத்துவர் உட்கார்ந்து விரிவாகப் பேச வேண்டும். மதிப்பெண் மட்டுமே நோயை உறுதிசெய்யாது.

சரி, சிகிச்சை? மனச்சோர்வுக்குத் தரப்பட்ட பழைய டிரைசைக்ளிக் வகை மருந்துகள் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் தவிர்க்கிறார்கள். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து இதயநோயாளிகளுக்குப் பாதுகாப்பானது என்று 2002-இல் வெளிவந்த, 369 பேர் பங்கேற்ற ஆய்வு காட்டியது. ஆனால் ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடும். எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எண்ணப் போக்கை மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையும், கண்காணிப்போடு செய்யும் உடற்பயிற்சியும் நன்றாகவே உதவுகின்றன. உடற்பயிற்சி இதயத்துக்கும் சேர்த்து மருந்து என்பதால் எனக்கு அதில் தனிப் பிரியம்.

சிகிச்சை ஆயுளைக் கூட்டுமா? 2003-இல் சுமார் 2,500 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் பேச்சு சிகிச்சையால் மனச்சோர்வு குறைந்தது, இறப்பு குறையவில்லை. அதனால் சிகிச்சை வீண் என்று நான் நினைக்கவில்லை. மீண்டும் பேரக்குழந்தையோடு விளையாடத் தோன்றுவதே ஒருவருக்குப் பெரிய மீட்சி.

முழுப் பட்டியலின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணமோ தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்கிறது. அதற்கு "ஆம்" என்றால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர் அவரிடம் பேசியாக வேண்டும்.