எந்த நம்பரில் வைத்தால் ஆபத்து இல்லை, சார்?

போன மாங்காய் சீசனில் ஒரு சாயங்காலம், காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். பையனுக்கு 22 வயது. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறான். மூன்று வாரமாக வறட்டு இருமல். மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது, ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் ஒன்றிரண்டு விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

"பீடி, சிகரெட் உண்டா தம்பி?" என்று கேட்டேன். அவன் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "அதெல்லாம் தொடமாட்டான் சார். ஆவி பிடிக்கிற மாதிரி ஒரு மெஷின் வெச்சிருக்கான். அதுகூட நல்ல மாம்பழ வாசனைதான் வரும்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து பாக்கெட்டிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தான். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. 'வேப்' என்று பசங்க சொல்கிற, பேட்டரியில் ஓடும் இ-சிகரெட். சின்னத் திரையில் 28 வாட்ஸ் என்று காட்டியது. "இப்ப குறைச்சுதாங்க சார் வெச்சிருக்கேன். முன்னாடி 40-ல வெச்சிருந்தேன். எந்த நம்பர்ல வெச்சா ஆபத்து இல்லைங்க சார்?"

கிருஷ்ணகிரியில் நெஞ்சு நோய் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிது இல்லை. ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்புறம் பெங்களூர். படிக்கவும் வேலைக்கும் தினமும் போய்வருகிற பிள்ளைகள் ஏராளம். போகிற இடத்தில் யாராவது பழக்கிவிடுகிறார்கள். பழக்கிவிடுகிறவன் கூடவே ஒரு தைரியத்தையும் கொடுத்துவிடுகிறான்: "வாட்ஸைக் குறைச்சு வெச்சுக்கோ மச்சி, ஒண்ணும் ஆகாது." அந்த வாட்ஸைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் அம்மா சொன்ன 'ஆவி'. நம் வீடுகளில் சளி பிடித்தால் நொச்சி இலையைப் போட்டு ஆவி பிடிப்போம். அது தண்ணீர். இந்த 'வேப்' கருவியில் வருவது தண்ணீர் ஆவி கிடையாது. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு பிசுபிசுப்பான திரவங்களில் நிகோட்டினையும் வாசனைச் சரக்கையும் கலந்து, சூடான கம்பியில் கொதிக்கவைத்து உண்டாக்குகிற நுண்துளிகள் அவை. பெரும்பாலான துளிகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் நேராகப் போய்விடும். மாம்பழ வாசனை மாம்பழம் ஆகிவிடாது என்பதை மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைந்த நம் ஊரில் தனியாகச் சொல்லவேண்டுமா என்ன!

சாப்பிடத் தகுந்தது மூச்சில் இழுக்கவும் தகுந்தது என்று நினைப்பது பெரிய தப்பு. 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டது தெரியவந்தது. காரணம், வெண்ணெய் வாசனைக்காகச் சேர்க்கிற டைஅசிட்டைல். பாப்கார்னைத் தின்றவர்கள் பாட்டுக்குத் தின்றார்கள். அந்த வாசனையை மூச்சில் இழுத்த தொழிலாளிகள்தான் படுத்தார்கள்.

சரி, வாட்ஸுக்கு வருவோம். பையன் எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, என் பிரிஸ்கிரிப்ஷன் தாளையே அவன் பக்கம் தள்ளினேன். முதன்முதலில் அவன் வாங்கியது பேனா மாதிரியான கருவி. அடியில் ஒரு திருகு, 3.2 வோல்ட்டிலிருந்து 4.8 வோல்ட் வரை ஏற்றலாம். உள்ளே சூடாகிற கம்பிச் சுருளின், அதாவது 'காயிலின்' (coil), மின்தடை 1.8 ஓம்ஸ். "கணக்குப் போடு" என்றேன். வோல்ட்டேஜை அதே வோல்ட்டேஜால் பெருக்கி ஓம்ஸால் வகுத்தால் வாட்ஸ். 3.2-க்கு ஐந்தே முக்கால் வாட்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. 4.8-க்கு 12.8 வாட்ஸ். எழுதிவிட்டு அவனே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். திருகை ஒன்றரை மடங்குதான் ஏற்றியிருக்கிறான், சூடு இரண்டேகால் மடங்கு ஏறியிருக்கிறது. காயிலை மாற்றி ஓம்ஸ் பாதியாகிவிட்டால், திருகைத் தொடாமலேயே வாட்ஸ் இரட்டிப்பாகும்.

இப்போது அவன் வைத்திருக்கும் பெட்டியில் வாட்ஸை மட்டும் சொன்னால் போதும். காயிலின் ஓம்ஸை அதுவே அளந்து, வேண்டிய வோல்ட்டேஜை அதுவே கொடுத்துக்கொள்ளும். அரை ஓம் காயிலில் 28 வாட்ஸ் என்றால் சுமார் மூன்றே முக்கால் வோல்ட். கருவியே வோல்ட்டேஜைப் பார்த்துக்கொள்வதைப் பசங்க 'பாதுகாப்பு' என்று நம்புகிறார்கள். ஆனால் கருவி பார்த்துக்கொள்வது கணக்கை மட்டும்தான். காயிலைச் சுற்றியிருக்கும் பஞ்சில் திரவம் ஊறியிருக்கிறதா, நீங்கள் மூன்று வினாடி இழுக்கிறீர்களா ஆறு வினாடி இழுக்கிறீர்களா, பாட்டிலில் இருப்பது என்ன, இதெல்லாம் அந்த வாட்ஸ் நம்பருக்குத் தெரியாது. டெம்பரேச்சர் கன்ட்ரோல் என்று ஒரு வசதி உண்டு. நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல, சூடு ஏற ஏற ஓம்ஸும் நன்றாக ஏறுகிற கம்பி இருந்தால்தான் அது வேலை செய்யும். பரவலாக வருகிற 'கான்தல்' (Kanthal) என்ற இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவைக் கம்பியில் அந்த ஏற்றம் மிகச் சொற்பம், அதனால் கருவிக்குச் சூடு பிடிபடாது.

களி கிண்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் சட்டியின் சூடு கட்டுக்குள் இருக்கும். தண்ணீர் சுண்டி, கிண்டுகிற கையும் நின்றால் அடிப்பிடித்துவிடும். காயிலும் அப்படித்தான். சுற்றியிருக்கும் பஞ்சு ஈரமாக இருக்கிறவரை சூடெல்லாம் திரவத்தைக் கொதிக்கவைப்பதில் செலவாகும். புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரினுக்கு 290 டிகிரி வேண்டும். வாட்ஸை ஏற்றினால் திரவம் சீக்கிரம் சுண்டும். பஞ்சு அடுத்த ஈரத்தை இழுத்துக்கொண்டு வருவதற்குள் கம்பி காய்ந்துபோகும். அங்கேதான் அடிப்பிடிப்பு. பசங்க அதை 'ட்ரை ஹிட்' என்கிறார்கள்.

அடிப்பிடித்த களியில் வாசனை கெடும், அவ்வளவுதான். இங்கே திரவமே உடைந்து வேறு பொருளாகிவிடுகிறது. கிளிசரின் உடைந்தால் அக்ரோலின் வரும். எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது அடுப்படியில் கண்ணும் தொண்டையும் எரிகிறதே, அந்த எரிச்சலில் இதற்கும் பங்கு உண்டு. கூடவே அசிட்டால்டிஹைடும் ஃபார்மால்டிஹைடும் வரும். மருத்துவக் கல்லூரி முதல் வருடம், உடற்கூறியல் கூடத்தில் பிணங்களைக் கெடாமல் வைத்திருந்த ஃபார்மலின் நெடியில் நாங்கள் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஃபார்மலினில் கரைந்திருப்பது இதே பொருள்தான். 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது.

2014-ல் வெளியான ஓர் ஆய்வில் இதே போன்ற பேனா மாதிரிக் கருவி ஒன்றை எடுத்து, 3.2 வோல்ட்டிலிருந்து 4.8 வோல்ட்டுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அசிட்டோன் ஆகியவற்றின் அளவு குறைந்தது 4 மடங்கு ஏறியது, சில திரவங்களில் 200 மடங்கையும் தாண்டியது. அடுத்த வருடம் வந்த இன்னொரு ஆய்வில், 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடைச் சுமந்துவரும் சேர்மம் தென்படவே இல்லை, 5 வோல்ட்டில் கிடைத்தது. இதற்கு ஒரு மறுப்பும் வந்தது: 5 வோல்ட்டில் வருகிற கருகலை எந்த மனிதனும் இழுக்கமாட்டான், மெஷின்தான் இழுக்கும் என்றார்கள். நியாயமான மறுப்புதான், நான் தள்ளிவிடமாட்டேன். ஆனால் கருகல் அடித்த பிறகும் "லிக்விட் வேஸ்ட் ஆயிடுமே" என்று இரண்டு மூன்று இழுப்பு இழுத்ததாகச் சொன்னவர்கள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அப்ப குறைச்சு வெச்சா நல்லதுதானேங்க சார்?"

ஒரு இழுப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆமாம். ஆனால் நிகோட்டினுக்குப் பழகிய மூளை இழுப்பை எண்ணுவதில்லை, அதற்கு வேண்டியது சரக்கு. வாட்ஸைக் குறைத்தால் புகை மெலியும். மெலிந்தால் நீளமாக இழுப்பான், அடிக்கடி இழுப்பான். "40-ல இருந்தப்ப ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று கேட்டேன். ஷிஃப்ட் இடைவேளையில் மட்டும் என்றான். "இப்போ?" பதில் வரவில்லை. அம்மா சொன்னார், "ராத்திரி பாத்ரூம்லகூட வாசனை வருது சார்."

நிகோட்டினைக் குறைத்த திரவத்துக்கு மாறினாலும் இதே கதைதான். 2018-ல் இங்கிலாந்தில் 20 பேரிடம் செய்த ஆய்வில், நிகோட்டின் குறைந்த திரவம் கிடைத்தபோது அவர்கள் அதிக முறை, அதிக நேரம் இழுத்தார்கள், ஃபார்மால்டிஹைடு உடம்பில் சேருவதும் கூடியது. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தினர் 2015-ல் காட்டியது இன்னொன்று: வோல்ட்டேஜ், இழுக்கும் நேரம், திரவத்தின் நிகோட்டின் அளவு ஆகியவற்றை மாற்ற மாற்ற, அதே 15 இழுப்பில் கிடைக்கும் நிகோட்டின் 50 மடங்குக்கு மேல் வித்தியாசப்பட்டது. பீடியிலோ சிகரெட்டிலோ "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டால் எனக்கு ஓரளவு கணக்குக் கிடைத்துவிடும். இங்கே அந்தக் கணக்கு உதவாது. அதனால் நான் வேறு கேள்வி கேட்பேன்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு? அரை மணி நேரத்துக்குள் என்றால் பிடிப்பு பலமானது என்று எடுத்துக்கொள்வேன். இவனுக்குப் பல் விளக்குவதற்கு முன்பே. தூக்கம் போனதற்கும் படபடப்புக்கும் வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, அவன் வைத்திருந்த பாட்டிலில் உருப்படியான லேபிளே இல்லை. இருக்கவும் வழியில்லை. தமிழ்நாட்டில் 2018-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டது. 2019-ல் நாடு முழுக்கச் சட்டம் வந்தது. தயாரித்தால், இறக்குமதி செய்தால், விற்றால், விளம்பரம் செய்தால் முதல் முறை ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைப்பதும் குற்றம். இழுக்கிறவருக்கென்று தனித் தண்டனை அதில் எழுதப்படவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், போலீஸ் பயத்தில் பிள்ளைகள் டாக்டரிடமும் மறைக்கிறார்கள். காய்ச்சல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, வாந்தி என்று வந்து நின்றுகொண்டு வேப்பைப் பற்றி வாயே திறக்காவிட்டால், நாங்கள் நிமோனியா என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம். அமெரிக்காவில் 2019-ல் ஆரம்பித்து 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் வேப்பினால் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். உறுதியான மரணம் மட்டும் 68. பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச் சரக்கு, அதில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட். கள்ளச் சந்தையில் வாங்கும் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை எந்த வாட்ஸ் நம்பரும் சொல்லாது.

பேட்டரி பற்றி அவனுக்கு நான் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. உள்ளே இருப்பது 18650 லித்தியம் செல், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். கட்டுப்பாட்டுச் சர்க்யூட் எதுவும் இல்லாத குழாய்க் கருவியில் 0.2 ஓம் காயிலைப் போட்டால் 21 ஆம்பியர் ஓடும். சாதாரண செல் பலவும் அதைத் தாங்காது. சாவி, சில்லறையோடு செல்லைத் தனியாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தொடையைச் சுட்டுக்கொள்வது வேறு.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் சிறு குழாய்களில் லேசான இறுக்கம். "நம்பரெல்லாம் வேண்டாம் தம்பி, ஆஃப் பண்ணிடு" என்றேன். முதல் மூன்று நாள்தான் கடும் எரிச்சல், கோபம், தவிப்பு; இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று அம்மாவிடமும் சொன்னேன், வீட்டில் சண்டை வரக் கூடாதே. நிகோட்டின் சூயிங் கம் எப்படி மெல்ல வேண்டும் என்று காட்டினேன். சாதாரண பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் ஏறும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுபடும் உதவி எண்ணையும் அதே தாளில், அவன் போட்ட கணக்குக்குக் கீழேயே எழுதிக் கொடுத்தேன். அழைப்புக்குக் காசு கிடையாது.

ஐந்தாவது வாரம் தனியாக வந்தான். இருமல் நின்றிருந்தது. நடுவில் ஒரு நாள், நைட் ஷிஃப்டில், கூட வேலை பார்ப்பவனிடம் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டதாக அவனாகவே சொன்னான். திட்டவில்லை, கம்மை இன்னும் இரண்டு வாரம் தொடரச் சொன்னேன். எழுந்து போகும்போது பாக்கெட்டிலிருந்து அந்தச் செல்லை எடுத்தான். "பெட்டியை உடைச்சிட்டேன் சார். இதைக் குப்பையில போட்டா குப்பை வண்டியில தீப்பிடிக்குமே, எங்கங்க சார் கொடுக்கிறது?" இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் நேர்த்தியாக ஒட்டியிருந்தது. மின்கழிவு வாங்குகிற இடத்தைச் சொல்லி அனுப்பினேன்.