மலை ஏறப் போகிறவர்கள் முதலில் பாதத்தைக் காட்டுங்கள்

ஆடி முடிந்து ஒரு கிழமைக்குள் எங்கள் மருந்து கட்டும் அறைக்கு வெளியே இருக்கிற வாங்கு நிறைந்துவிடும். நெற்றியில் திருநீறு, கழுத்தில் இன்னும் கழற்றாத மாலை, காலில் பழைய சாரத்துணிச் சுற்று. எல்லாரும் கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்தவர்கள். மட்டக்களப்பில் தாதியாக வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வருடமும் இதைப் பார்க்கிறேன்.

அப்படி வந்த ஒரு அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். "புண் ஒண்டும் இல்ல மிஸி, கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்றார். கழுவித் துடைத்துப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே தடித்த தோலுக்குள் ஒரு விடத்தல் முள் முறிந்து கிடந்தது. உகந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கிய பிறகு குத்தியிருக்க வேண்டும். நாலைந்து நாள் அந்த முள்ளின் மேலேயே நடந்திருக்கிறார். நான் எடுத்தபோதும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகன், "அம்மாவுக்குத் தாங்குற சக்தி முருகன் குடுத்தது" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அந்தப் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. கடைசியில் அந்த விரலை எடுக்க வேண்டி வந்தது.

எங்கள் பக்கத்து மலைக் கோயில் யாத்திரைகள் எல்லாமே காலை நம்பியவை. தாந்தாமலை, உகந்தை மலை, கதிரமலை. டிசம்பர் தொடக்கம் மே வரை சிவனொளிபாத மலை. கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்குச் சபரிமலை. மாமாங்கத்திலோ மண்டூரிலோ நடைக் கூட்டத்தோடு சேரப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அரிசி, பருப்பு, தறப்பாள், டோர்ச் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். தங்கள் பாதத்தைக் கடைசியாக எப்போது திருப்பிப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வராது.

இரத்தத்தில் சீனி பல வருடம் கூடியே இருந்தால் கால் நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகும். முள், கொப்புளம், சுடுமணல் எதுவும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் சின்னக் கீறல்கூட ஆறாது. நொந்தால் நீங்களே வைத்தியரிடம் ஓடி வருவீர்கள். நோகாததால்தான் பிந்தி வருகிறீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் தன் சுட்டுவிரல் நுனியால் உங்கள் காலின் பெருவிரல், நடுவிரல், சின்ன விரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஓரிரு விநாடி மெதுவாகத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. இரண்டு காலுக்கும் ஆறு இடம். தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், வெறுங்காலோடு எந்த மலைக்கும் புறப்பட வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். யாத்திரைக்கு ஆறு கிழமைக்கு முன்பாவது போனால் நல்லது. ஒரு புண் இருந்தால் ஆற்றவும், குளிசையின் அளவைச் சரிபார்க்கவும், கூடுதல் நாளுக்கு மருந்து வாங்கி வைக்கவும் அவ்வளவு காலம் வேண்டும்.

"செருப்புப் போட்டால் நேர்த்தி குறையாதா?" இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் லேசாக எடுத்ததில்லை. என் அம்மாவும் இதைக் கேட்டவர்தான். கோயில் வாசலில் கழற்றுங்கள், பாதையில் போடுங்கள் என்பதே என் பதில். வாசலிலும் ஒரு கவனம் வேண்டும். மத்தியான வெயிலில் உகந்தைக் கடற்கரை மணலும் கோயில் வீதிக் கல்லும், உணர்ச்சி இல்லாத பாதத்தை ஒரு நிமிடத்தில் கொப்பளிக்க வைக்கும். காலையில் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு கும்பிடுங்கள். சப்பாத்தைப் புறப்படும் அன்று புதிதாக வாங்காதீர்கள். மூன்று நான்கு கிழமை முன்பே வாங்கி, முதல் நாள் அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குங்கள். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இரவு தங்குமிடத்தில் பாதத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்குக் கூடப் போகிறவர் பார்த்துச் சொல்லட்டும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். களைப்பு ஆற வேண்டும் என்று சுடுதண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். அப்படி வெந்துபோன பாதங்களை நான் கட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டு விசயம் இன்னும் அவசரமானது. காட்டுப் பாதையில் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு ஐந்தாறு நாள் நடை. இடையில் குமுக்கன் ஆறு, அப்புறம் யால காடு. விரதம் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல், வழக்கமான குளிசையையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு நடந்தால், சீனி திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், தலைச் சுற்று, ஆளை ஆள் தெரியாமல் பேசுவது எல்லாம் அதன் அடையாளம். சில வேளை கூட்டத்தில் உள்ளவர்கள் இதைச் சாமி வந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் காட்டுக்குள் தொலைபேசி வேலை செய்யாத இடங்கள் இருக்கின்றன. ஆகவே கூட வருகிற இரண்டு பேருக்காவது உங்கள் வருத்தமும் மருந்தும் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் குளிசையை விரத நாளில் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை வைத்தியர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலினைச் சின்ன மண் முட்டிக்குள் வைத்து, ஈரத்துணி சுற்றி நிழலில் கொண்டுபோங்கள்.

ஐயப்ப சாமிமாரைப் பற்றி எனக்குத் தனிக் கவலை. 41 நாள் விரதம் எங்கள் ஊரில் சரியாக மாரி மழையோடு வருகிறது. வெறுங்காலோடு வெள்ளத்திலும் வயல் வரம்பிலும் நடந்தால், பாத வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். வயல் வேலை செய்கிற சாமிமார் அதற்கான தடுப்புக் குளிசை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் மலைக்குப் போகிற நாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சிவனொளிபாதம் 2,243 மீற்றர். இரவில், குளிரில், ஆயிரக்கணக்கான படி. நெஞ்சு இறுகினால், மூச்சு வாங்கி ஒரு வசனம் முழுதாகச் சொல்ல முடியாவிட்டால், அந்தப் படியிலேயே உட்காருங்கள். நோவு போகவில்லை என்றால் மேலே ஏற வேண்டாம், உதவி கூப்பிடுங்கள். இதய வருத்தம் உள்ளவர்கள் போவதற்கு முன்பே வைத்தியரைக் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. கதிர்காமத்திலிருந்து வந்து இறங்கியதும் பிரசாதம் பங்கிட, அயல் வீட்டாரைப் பார்க்க என்று இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். அதற்கு முன், குளித்த கையோடு இரண்டு பாதத்தையும் வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக, சிவந்து, வீங்கியிருந்தால், நோவு இல்லை என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மாலையைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்றில்லை, அப்படியே வாருங்கள்.