பழைய காரின் பெல்ட்டுக்கு என்ன வயசு?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓடும் பழைய கார்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. குரோம் பளபளக்கும், பெயிண்டில் முகம் பார்க்கலாம். கதவைத் திறந்தால் 1964ஆம் வருடத்து ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் சிவப்புப் பொத்தான் வைத்த சீட் பெல்ட் கிடக்கும். விஷயம் தெரிந்தவருக்கு அந்தப் பொத்தான் ஒன்றே போதும். பெல்ட்டை விடுவிக்கும் பொத்தான் சிவப்பாக இருக்க வேண்டும், பக்கிளில் (பெல்ட்டை மாட்டும் பூட்டில்) வேறெதுவும் அந்த நிறத்தில் இருக்கக் கூடாது என்பது ஐ.நா.வின் 16ஆம் எண் வாகன விதி. அந்த விதி பிறந்ததே 1970இல்தான்.

அப்படியானால் 1964க்கு எது சரி? இங்கேதான் சிக்கல். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை ஸ்வீடனின் வால்வோ கார் நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நீல்ஸ் போலின். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் வெளியேற்று இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். 1959இல் வால்வோ கார்களில் அந்த பெல்ட் வந்தது. மற்ற நிறுவனங்களும் செய்துகொள்ளட்டும் என்று காப்புரிமையைத் திறந்தே விட்டார்கள். ஆனாலும் 60களில் பல கார்கள் பெல்ட் இல்லாமல்தான் விற்றன. வேண்டியவர்கள் டீலரிடமோ உதிரிபாகக் கடையிலோ வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் கார் என்றால் பெல்ட் செய்தவர்கள் பிரிட்டாக்ஸ், பாராசூட் செய்த இர்வின், தொப்பிக்குப் பேர்போன கங்கோல். ஜெர்மன் கார் என்றால் ரெப்பா, ஆட்டோஃப்ளுக். ஸ்வீடன் என்றால் கிளிப்பன். ஆகவே அந்தக் காலத்து காருக்கு ‘ஒரே ஒரிஜினல்’ பெல்ட் என்று தேடி அலைவதில் அர்த்தமில்லை என்பேன். அன்று டர்பன் வெஸ்ட் ஸ்ட்ரீட் கடையில் கிடைத்திருக்கக்கூடிய பெல்ட்டாக இருந்தால் போதும்.

இன்னொரு விஷயம், நம் ஊர் பீட்டில் ஜெர்மனியில் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அல்ல. 1951 முதல் 1979 வரை இங்கேயே யூட்டன்ஹேக்கில் கட்டியது. அந்த ஊருக்கு இப்போது கரீகா என்று பெயர். 1961 முதல் அரசு, காரில் இவ்வளவு எடை உள்நாட்டுச் சரக்காக இருக்க வேண்டும் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனது. அதனால் ஒரே காரில் உள்ளூர்ச் சாமானும் இறக்குமதிச் சாமானும் கலந்திருக்கும். ஜெர்மன் கேட்டலாக்கை வேதமாக வைத்துக்கொண்டு இங்கே ஓடிய காரைப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

பெல்ட்டின் வயசுக்குச் சாட்சி பட்டையில் தைத்திருக்கும் சின்னத் துணி லேபிளில் இருக்கிறது. பெரும்பாலும் சீட்டுக்கு அடியில், கீழ் முனைக்குப் பக்கத்தில், வெயில் படாத இடத்தில் இருக்கும். தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், தர எண், தேதி எல்லாம் அதில் உண்டு. தேதி சில சமயம் மாதமும் வருடமுமாக இருக்கும், சில சமயம் வார எண்ணாக இருக்கும். கார் கட்டிய தேதிக்குச் சில வாரமோ சில மாதமோ முந்தியிருந்தால் நம்பலாம். பிந்தியிருந்தால் அந்த பெல்ட் பிறகு வந்து சேர்ந்தது. வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், ஒப்புதல் கொடுத்த நாடு அது: 1 ஜெர்மனி, 5 ஸ்வீடன், 11 பிரிட்டன். 47 நம்முடையது. தென்னாப்பிரிக்கா இந்த ஐ.நா. வாகன விதிகளின் ஒப்பந்தத்தில் சேர்ந்தது 2001இல் என்பதால், 47 போட்ட பெல்ட்டை ‘கம்பெனியில் வந்ததுங்க’ என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம்.

அடுத்தது ரீல், அதாவது பட்டையைச் சுருட்டி வைக்கும் உருளை. 60களின் பெல்ட்டில் பெரும்பாலும் ரீல் கிடையாது. நீளத்தைக் கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். சுருண்டுகொள்ளும் ரீல் பரவலானது 70களில். அதன் பூட்டு எளிமையானது: குழிக்கரண்டியில் கோலி வைத்ததுபோல ஒரு கிண்ணத்தில் இரும்புக் குண்டு. சில ரீல்களில் குண்டுக்குப் பதில் ஊசல். பிரேக் திடீரென விழுந்தால் குண்டு கிண்ணத்தின் ஓரம் ஏறி, மேலிருக்கும் நெம்பைத் தூக்கும். நெம்பு பல்சக்கரத்தில் மாட்டும், பட்டை நிற்கும். புவியீர்ப்பில் 0.45 மடங்கு வேகக்குறைவு வந்தால் பூட்ட வேண்டும். ரீலை 12 பாகை வரை சாய்த்தால் பூட்டக் கூடாது, 27 பாகைக்கு மேல் சாய்த்தால் பூட்டியே ஆக வேண்டும் என்கிறது அதே 16ஆம் விதி. ரீலை மாட்டும் கதவோரத் தூணின் சாய்வுக்கு ஏற்ப அந்தக் கிண்ணத்தை அமைத்திருப்பார்கள். வேறு காரின் ரீலைக் கொண்டுவந்து மாட்டினால் இழுக்கவே வராமல் அடம் பிடிக்கும், அல்லது பூட்ட வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிடும். ஜெர்மனியிலிருந்து ‘டிரைவர் பக்கம்’ என்று ஒற்றை ரீல் வரவழைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: அவர்களுடைய டிரைவர் இடதுபக்கம் உட்காருகிறார், நம்மவர் வலதுபக்கம்.

இனி பட்டை. இதில் மட்டும் எனக்கு ஒரிஜினல் பைத்தியம் கிடையாது. 75 கிலோ எடையுள்ளவர் 50 கி.மீ. வேகத்தில் போய் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறார் என்று வையுங்கள். பெல்ட் தாங்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றரை டன். அன்றைய நைலானோ பின்னால் வந்த பாலியெஸ்டரோ, இரண்டுமே நீண்ட மூலக்கூறு இழைகள். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த இழைகளை ஆண்டாண்டாக வெட்டிக்கொண்டே இருக்கும். விரலால் தடவினால் பஞ்சுபோல நார் எழும், மடிப்பில் நிறம் வெளுத்திருக்கும். நைலானுக்கு அமிலமும் ஆகாது. பீட்டிலில் பேட்டரி இருப்பது பின்சீட்டுக்கு அடியில். அங்கே கசிந்த அமிலம் பக்கத்துப் பட்டையைத் தின்றிருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு முறை பெரிய விபத்தைத் தாங்கிய பட்டையும் உள்ளே நீண்டு பலம் இழந்திருக்கும். ப்ளீச் போட்டு வெளுக்கிறவர்களும் சாயம் தோய்த்துக் கறுப்பாக்குகிறவர்களும் மிச்சமிருந்த பலத்தையும் போக்கிவிடுகிறார்கள்.

நான் சொல்வது இதுதான்: பக்கிள், அதில் செருகும் நாக்கு, ரீல் உறை, போல்ட் மூடி ஆகியவை அன்றையதாக இருக்கட்டும், பட்டை இன்றையதாக இருக்கட்டும். நெசவையும் அகலத்தையும் பழைய துண்டைக் காட்டிப் பொருத்திக்கொள்ளலாம். தைப்பதை மட்டும் பெல்ட் தைத்துச் சோதித்துத் தரும் பட்டறையில் கொடுங்கள். சீட் உறை தைப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவரிடம் வேண்டாம். தையலின் நூலும் வடிவமும் பட்டையோடு சேர்ந்து சுமை தாங்குபவை.

கடைசியாக போல்ட். பெரும்பாலான கார்களில் அது அங்குலத்தில் 7/16 தடிமன், நெருக்கமான நுண்மரை. தலையில் பலத்தைக் குறிக்கும் அடையாளம் இல்லாத சாதாரண போல்ட்டை அங்கே முடுக்காதீர்கள். முடுக்குவதற்கு முன் கம்பளத்தைத் தூக்கி, நட் பற்றவைத்திருக்கும் தகட்டைத் திருப்புளியால் அழுத்திக் குத்திப் பாருங்கள். நம் கடற்கரை உப்புக்காற்றில் அந்தத் தகடு பிஸ்கட்டாக உதிர்ந்தால் பெல்ட் வேலை அப்புறம், முதலில் வெல்டரைக் கூப்பிடுங்கள்.